பாதாள பைரவியும் பெருங்கதை மரபும்: சிறார் மாயக்கதையில் பழங்கதைக் கூறுகள்

முன்னுரை

தமிழ் ஆய்வுலகில் சிறார் மாயக்கதைகள் பெற்றுள்ள இடம் மிகச் சிறியது. அவை குறித்து எழுதுவோருள்ளும் பலர், அவற்றை அயல்நாட்டுக் கதைகளின் தழுவல் என்று ஒரு சொல்லில் கூறி அமைவர். 1951ஆம் ஆண்டில் விஜயா நிறுவனத்தார் தெலுங்கிலும் தமிழிலும் ஒருசேர உருவாக்கி வெளியிட்ட ‘பாதாள பைரவி’ இத்தகைய மதிப்பீட்டுக்கு உள்ளான படைப்புகளுள் முதன்மையானது. ‘அலாவுதீனும் அற்புத விளக்கும்’ கதையின் இந்திய வடிவம் என்றே இதனைச் சுட்டுவது வழக்கமாயிற்று. இம்மதிப்பீடு எந்த அளவிற்குப் பொருந்தும் என்பதையும், இக்கதையின் வேர்கள் எம்மரபில் ஊன்றியுள்ளன என்பதையும், பழங்கதைக் கூறுகளை மாற்றியமைத்ததன் வழி இப்படைப்பு பெற்றதும் இழந்ததும் யாவை என்பதையும் இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

படைப்பும் பின்புலமும்

கே.வி. ரெட்டியின் இயக்கத்தில், பிங்கலி நாகேந்திரராவின் கதை அமைப்பில் இப்படம் உருவாயிற்று. இதனைத் தயாரித்த நாகிரெட்டியும் சக்கரபாணியும் 1947இல் ‘அம்புலிமாமா’ இதழைத் தொடங்கியவர்கள் என்பது கருதத்தக்கது. அரசிளங்குமரி, மாந்திரீகன், வரமளிக்கும் பொருள், சாபவிமோசனம் ஆகியவற்றாலான கதையுலகை இதழ் வழியாகவும் திரை வழியாகவும் ஒரே காலத்தில் சிறாரிடம் கொண்டு சேர்த்தவர்கள் இவர்களே. மதிர சுப்பண்ண தீட்சிதரின் ‘காசி மஜிலி கதலு’ என்னும் தெலுங்குத் தொகுதி இப்படத்தின் கதைக்குத் தூண்டுதலாக அமைந்ததாகக் கூறுவர். காசிக்கு யாத்திரை செல்லும் மணிசித்தர் தம் சீடனாகிய இடைச் சிறுவனுக்கு வழித்தங்கல்தோறும் ஒரு கதை கூறுவதாக அமைந்த தொகுதி அது. கதைக்குள் கதை வைக்கும் பழைய மரபின் பிற்கால வடிவம் அது எனலாம்.

கதைச்சுருக்கம் வருமாறு: உச்சயினியில் தோட்டக்காரத் தாயின் மகனாகிய தோட்டராமன் இளவரசி இந்துமதியைக் காதலிக்கிறான். அரண்மனைக்குள் இரவில் புகுந்து பிடிபடும் அவனிடம், தனக்கு நிகரான செல்வத்தை ஈட்டி வந்தால் மகளைத் தருவதாக அரசன் கூறுகிறான். பாதாள பைரவிக்குத் துணிவுமிக்க இளைஞன் ஒருவனைப் பலியிட்டு, வேண்டியதை அளிக்கும் சிலையைப் பெற விரும்பும் நேபாள மாந்திரீகன் இராமனை அழைத்துச் செல்கிறான். நீராடுகையில் தன்னைத் தாக்கிய முதலையை இராமன் கொல்ல, சாபம் நீங்கிய தேவமகள் மாந்திரீகனின் சூழ்ச்சியை உரைக்கிறாள். மாந்திரீகனையே பலியாக்கிச் சிலையைப் பெறுகிறான் இராமன். பின்னர்ச் சீடனால் உயிர்ப்பிக்கப்பட்ட மாந்திரீகன் சிலையைக் கவர்ந்து, இளவரசியையும் மாளிகையையும் கொண்டு செல்கிறான். இராமன் நண்பன் அஞ்சியுடன் தேடிச் சென்று அவளை மீட்கிறான்.

அலாவுதீன் கதையும் வேதாளக் கதையும்

ஏழைத்தாயின் மகன், ஏமாற்றும் மாந்திரீகன், நிலத்தடியில் வரமளிக்கும் பொருள், மாளிகை இடம்பெயர்தல், மீட்பு என்னும் வரிசை அலாவுதீன் கதையோடு ஒத்துச் செல்வதை மறுத்தற்கில்லை. ஆர்னே–தாம்சன்–உத்தர் கதைவகைப்பாட்டில் 561 என்னும் எண் பெறும் கதைவகை இது. ஆயினும், ‘மூலம்’ எனக் காட்டப்படும் அலாவுதீன் கதையும் ஆயிரத்தொரு இரவுகளின் பழைய அரபுப் பிரதியில் காணப்படுவதன்று. 1709இல் அலெப்போ நகரத்தவரான ஹன்னா தியாப் கூறக் கேட்டு, அந்துவான் கலான் தம் பிரெஞ்சு மொழிபெயர்ப்பில் சேர்த்தது அது. எனவே இங்கும் வாய்மொழியே ஊற்றுக்கண். ஒரு கதையை ஒரு நூலுக்கோ ஒரு நாட்டிற்கோ உரிமையாக்கிப் பிறவற்றை நகல் என்பது கதையியலுக்குப் பொருந்தாது.

மேலும், கதையின் உயிர்நிலையான பலித்திருப்பம் அலாவுதீன் கதையில் இல்லை. அங்கு மாந்திரீகன் சிறுவனைக் குகையில் அடைத்து நீங்குகிறான், பலியிடுவதில்லை. பலியிட வந்தவனையே பலியாக்குதல் வேதாளக் கதையின் சட்டகம். சோமதேவரின் கதாசரித்சாகரத்தில் (11ஆம் நூற்றாண்டு) திரிவிக்கிரமசேனன் என்னும் அரசன் துறவி ஒருவனுக்காகப் பிணத்தைச் சுமந்து வருகிறான். இறுதியில் துறவியின் வஞ்சத்தை வேதாளம் உரைக்க, எவ்வாறு வணங்குவது எனக் காட்டுமாறு துறவியிடமே வேண்டி, அவன் வணங்கும்போது தலையைத் துணிக்கிறான். பிற்கால மரபு இவ்வரசனை உச்சயினி விக்கிரமாதித்தனாக்கியது. தமிழில் பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை வழியாக இது ஊர்தோறும் பரவியது. பாதாள பைரவியின் களம் உச்சயினியாக அமைந்திருப்பதும் இம்மரபை நினைவூட்டுவதே.

மாயப் பாதரட்சை

இளவரசியைத் தேடும் வழியில் பேய்களின் சச்சரவுக்கிடையே மாயப் பாதரட்சையும் உருமறைக்கும் போர்வையும் இராமனுக்குக் கிட்டுகின்றன. இது ‘மாயப் பொருளுக்காகப் பூசலிடுவோர்’ என்னும் கதைவகை (எண் 518). கதாசரித்சாகரத்தில் புத்திரகன் என்பான் விந்தியக் காட்டில் மயனின் புதல்வர் இருவர் தந்தையின் உடைமைக்காகப் பொருதக் காண்கிறான். உணவளிக்கும் கலம், எழுதியது மெய்யாகும் கோல், வானில் செலுத்தும் பாதரட்சை ஆகியன அவ்வுடைமை. ஓடி வெல்பவர்க்கே இவை உரியன என்று கூறி அவர்களை ஓடவிட்டுப் பாதரட்சையை அணிந்து பறந்துவிடுகிறான் புத்திரகன். பாடலிபுத்திரம் தோன்றிய கதையாகவும் இது சொல்லப்படுகிறது. கதாசரித்சாகரத்தின் மூலம் குணாட்டியரின் பிருகத்கதை. அந்நூல் இன்று கிடைக்கவில்லை. அதன் வழிநூல்களே கிடைக்கின்றன.

கொள்ளேகாலை நடுவாகக் கொண்டு நோக்கல்

பிருகத்கதை தென்னாட்டிற்குப் புதியதன்று. கங்க அரசன் துர்விநீதன் அதனை வடமொழியில் ஆக்கியதாகச் செப்பேடு கூறும். கங்கரின் தலைநகராய் விளங்கிய தலைக்காடு காவிரிக் கரையில், இன்றைய கொள்ளேகாலுக்கு அண்மையில் உள்ளது. கொங்குவேளிரின் பெருங்கதை துர்விநீதனின் நூலைத் தழுவியது என்பது அறிஞர் பலர் கருத்து. கொங்குவேளிரோடு தொடர்புபடுத்தப்படும் விசயமங்கலம் ஈரோடு மாவட்டத்தில் உள்ளது. இவ்விரண்டு ஊர்களுக்கும் இடைப்பட்ட நிலப்பகுதியில் அமைந்தது கொள்ளேகால். 1956 நவம்பர் 1 வரை இது சென்னை மாநிலக் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது; பின்னர் மைசூர் மாவட்டத்தோடும், 1997 முதல் சாமராசநகர் மாவட்டத்தோடும் இணைந்தது. பாதாள பைரவி வெளிவந்த ஆண்டில் கொள்ளேகால் தமிழும் கன்னடமும் வழங்கிய சென்னை மாநில ஊரே.

இப்பகுதி வாய்மொழி மரபிலும் மாயக்கதைக் கூறுகள் உயிரோடுள்ளன. முன்பு கொள்ளேகால் வட்டத்திலும் இப்போது ஹனூர் வட்டத்திலும் அடங்கும் மாதேஸ்வரன் மலையின் தெய்வத்தைக் கம்சாளைக் கலைஞர்கள் கன்னடத்தில் நெடுங்கதையாகப் பாடுகின்றனர். தமிழகத்திலிருந்தும் அடியார் திரளாகச் செல்லும் மலை அது. புலியை ஊர்தியாகக் கொண்ட மாதேஸ்வரர், தேவரைச் சிறைவைத்த சிரவணனை அழிக்கும் பகுதியில் செருப்புத் தைக்கும் அரளய்யன் செய்தளித்த காலணியே கருவியாகிறது. புத்திரகன் கதையில் மயன் புதல்வரின் குடும்ப உடைமையாகவும், திரைப்படத்தில் பேய்களின் பொருளாகவும் வரும் மாயக் காலணி, இங்கு உழைப்பாளியின் கைவினையாக வருகிறது. இம்மூன்றும் ஒன்றிலிருந்து ஒன்று தோன்றியவை எனக் கூறுதற்குச் சான்றில்லை. ஒரு கதைக்கூறு, அதனைச் சொல்வோரின் வாழ்நிலைக்கேற்பப் பொருள்மாறுவதை இவ்வொப்பீடு காட்டுகிறது என்பதே இங்குக் கொள்ளத்தக்கது.

பெருங்கதையும் பாதாள பைரவியும்

பெருங்கதையின் கிடைக்கும் பகுதி உஞ்சைக் காண்டத்தோடு தொடங்குகிறது. உஞ்சை என்பது உச்சயினியே. பொறியானையால் சிறைப்பட்ட உதயணன் பகையரசன் மகள் வாசவதத்தைக்கு யாழாசிரியனாகி, பத்திராபதி என்னும் பிடியின்மேல் அவளுடன் தப்பிச் செல்கிறான். உச்சயினி அரசனின் மகளை அவன் காவலைக் கடந்து அடைதல் என்னும் அடிப்படை இரண்டிற்கும் பொது. ஆயின், பெருங்கதையில் செயலை நடத்துவது பெரிதும் மனித அறிவே. யூகியின் சூழ்ச்சியும் தச்சரின் பொறியும் அங்கு மாயத்தின் இடத்தைப் பெறுகின்றன. உதயணன் அரசன், அவனுக்குக் குலத்தகுதி முன்னரே உண்டு. தோட்டராமனுக்கு அது இல்லை. சிறார் மாயக்கதை காப்பியத்தினின்று விலகும் இடம் இதுவே.

மதிப்பீடு

இப்படைப்பின் தனிச்சிறப்பு அரசன் விதிக்கும் நிபந்தனையைக் கதையே உடைப்பதில் உள்ளது. செல்வமே தகுதி என்கிறான் அரசன். சிலையின் அருளால் இராமன் அச்செல்வத்தைப் பெறுகிறான். சிலை களவு போனதும் அதனை இழக்கிறான். பின்னர் இளவரசியை மீட்பது செல்வமன்று. துணிவும் நட்பும் தந்திரமுமே. சீடனின் உருவில் நின்று, தாடியை மழித்தால் இளவரசி இணங்குவாள் என மாந்திரீகனை நம்பச் செய்து, தாடியில் உறைந்த அவன் ஆற்றலை அழிக்கும் காட்சி நகைச்சுவையால் தோன்றினும், கதையின் மையக்கருத்தை அதுவே நிறுவுகிறது. விவிலியச் சிம்சோனின் கூந்தலோடு ஒப்பிடத்தக்க இக்கூறு, இங்கு வீரனிடமிருந்து பகைவனுக்கு மாற்றப்பட்டுள்ளது.

எனினும் குறைகளும் சுட்டத்தக்கன. வேதாளக் கதையில் வஞ்சத்தை அறியும் உரிமையை அரசன் புதிர்களுக்கு விடைகூறி ஈட்டுகிறான். இறுதிப் புதிருக்கு விடையின்றி நிற்கும் நேர்மையும் அவன் தகுதியாகிறது. பாதாள பைரவியில் அவ்வறிவுச் சோதனை முதலைப் போராகச் சுருங்கிவிட்டது. சிந்தித்து ஈட்டவேண்டியது தற்செயலாய்க் கிட்டுகிறது. இளவரசியும் பெரிதும் கவரப்படுபவளாகவும் மீட்கப்படுபவளாகவுமே நிற்கிறாள். யாழ் பயின்று உடன்போன வாசவதத்தைக்குள்ள செயல்முனைப்பு இந்துமதிக்கு இல்லை. தீமையை ‘நேபாள’ என்னும் அடைமொழியால் அயலிடத்திற்கு உரியதாக்குவதும் மாயக்கதைகளில் தொடர்ந்து காணும் எளிமைப்படுத்தலே. இக்குறைகள் மரபிலிருந்து வந்தவையல்ல. மரபைச் சுருக்கியதால் நேர்ந்தவை என்பது ஒப்பீட்டால் புலனாகிறது.

முடிவுரை

பாதாள பைரவி அலாவுதீன் கதைவகையின் புறவடிவில் வேதாளக் கதையின் பலித்திருப்பத்தையும் பிருகத்கதை மரபின் மாயப் பொருளையும் இணைத்த ஆக்கம். அரசனுக்குரிய கதையைத் தோட்டக்காரன் மகனுக்கு உரியதாக்கியது அதன் ஆக்கம். அறிவின் இடத்தில் துணிவை மட்டும் நிறுத்தியது அதன் இழப்பு. தழுவல் என்னும் சொல்லோடு நின்றிருப்பின் இவ்விரண்டும் புலப்பட்டிரா. தலைக்காட்டிற்கும் விசயமங்கலத்திற்கும் இடைப்பட்ட கொள்ளேகால் போன்ற இருமொழி எல்லைப்பகுதிகளின் வாய்மொழிக் கதைகள் தமிழ், கன்னடம் என்னும் மொழிப் பிரிவினையால் இரு துறைகளுக்கும் எட்டாப் பொருளாகிவிடக் கூடாது. அவற்றை ஒருசேரத் தொகுத்து ஒப்பிடும்போதுதான், சிறார் மாயக்கதைகள் எங்கிருந்து வந்தன என்பதோடு, வரும் வழியில் எவற்றை ஏற்றன, எவற்றை உதிர்த்தன என்பதும் தெளிவாகும்.