அளக்காமல் மூடப்படும் இன்ஜின்கள்

இருபத்தைந்து வயதைக் கடந்த கார்களுக்கு அமெரிக்க இறக்குமதி விதிகளில் விலக்கு உண்டு. அந்த வழியில் நிசான் ஸ்கைலைன் ஜி.டி-ஆர் ஆர்32 2014-இலும், ஆர்34 2024-இலும் அந்நாட்டுச் சாலைக்கு வந்தன. கூடவே ஒரு மோகமும் வந்தது: அவற்றின் ஆர்.பி.26 இன்ஜினை வீட்டு கராஜிலேயே பிரித்து, ஃபோர்ஜ்டு பிஸ்டனும் பெரிய டர்போவும் போட்டு, 280 பி.எஸ். என்று விற்கப்பட்டதை அதைப்போல் இரண்டு மடங்குக்கு ஏற்றுவது. அதை ஆதரிப்பவர்கள் சொல்வது எப்போதும் ஒன்றுதான். நல்ல பாகங்களை வாங்கிவிட்டால் போதும், மற்றதற்குப் பொறுமையும் டார்க் ரெஞ்சும் இருந்தால் சரி என்பார்கள்.

வீட்டு வேலைக்குரிய பெருமையை மறுக்க வேண்டியதில்லை. கூலி மிச்சம். அவசரம் கிடையாது; ஒரு ஆயில் வழியைக் கழுவ முழு மாலையையும் செலவிடலாம், கூலிக்கு வேலை செய்யும் பட்டறைக்கு அது கட்டுப்படியாகாது. ஆர்.பி.26-உம் இதற்கு ஏற்ற இன்ஜின்தான். 2,568 சி.சி., ஆறு சிலிண்டரும் ஒரே வரிசை, வார்ப்பிரும்பு பிளாக். அதன் பலவீனங்களும் ஊரறிந்தவை. தொடக்க கால ஆர்32-இல் ஆயில் பம்பைச் சுழற்றும் கிராங்க் முனை குட்டையாக இருந்ததால் பம்ப் கியர் உடைந்தது. அதிக வேகத்தில் ஹெட்டுக்கு ஏறும் ஆயில் உடனே கீழே இறங்காமல் மேலேயே தேங்கியது. இரண்டுக்கும் தீர்வு கடையில் கிடைக்கிறது.

சிக்கல் அந்தக் கடையில்தான் தொடங்குகிறது. எதையும் வாங்கிப் பொருத்திச் சரிசெய்துவிடலாம் என்ற நம்பிக்கை அங்கேதான் வேர்விடுகிறது. இன்ஜின் கட்டுவது என்பது அடிப்படையில் அளக்கும் வேலை. பொருத்துவது அதன் கடைசிப் பகுதி மட்டுமே.

கிராங்கின் மெயின் ஜர்னலை எடுத்துக்கொள்வோம். அதன் விட்டம் ஏறத்தாழ 55 மி.மீ. விட்டத்தின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது பழைய கணக்கு. அப்படிப் பார்த்தால் பேரிங்குக்கும் ஜர்னலுக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி 0.055 மி.மீ. அளவில் வரும். கிராங்கைத் தாங்கும் ஆயில் படலம் அந்த இடுக்கில்தான் உருவாகிறது. வெயிலில் கிடந்து, பிளாக்கைவிட 20 டிகிரி சூடான கிராங்கை அளந்தால், எஃகு விரிந்த காரணத்தால் மட்டுமே ஜர்னல் 0.012 மி.மீ. பெரிதாகக் காட்டும். மொத்த இடைவெளியில் ஐந்தில் ஒரு பங்கு அதிலேயே பிழையாகிவிட்டது! இரண்டையும் ஒரே அறையில் ஓர் இரவு வைத்து, மறுநாள் ஜர்னலை மைக்ரோமீட்டரால் அளந்து, அந்த அளவிலேயே போர் கேஜை பூஜ்யமாக்கி, பேரிங்குடன் முடுக்கிய மெயின் கேப்புக்குள் அதை ஆட்டிப் பார்க்க வேண்டும். கேப் சேரும் கோட்டருகே பேரிங் ஷெல் வேண்டுமென்றே மெல்லியதாகச் செய்யப்பட்டிருக்கும். ஆகவே அந்தக் கோட்டுக்குச் செங்குத்தாக அளப்பதுதான் கணக்கு.

பல கராஜ்களில் இதற்குப் பதிலாக நடப்பது பிளாஸ்டிகேஜ். நசுங்கிய மெழுகுபோன்ற இழையின் அகலத்தைக் காகித அளவுகோலோடு ஒப்பிட்டு, இடைவெளி சரி என்று முடித்துவிடுகிறார்கள். இழை வைத்த இடத்தை மட்டும்தான் அது காட்டும். ஜர்னல் முட்டை வடிவாகத் தேய்ந்திருந்தாலோ, ஒரு முனை சிறுத்திருந்தாலோ அதில் தெரிவது அபூர்வம்.

"போரிங் பட்டறை அளந்துதானே தருகிறது?" என்ற பதில் உடனே வரும். இந்தப் பதில்தான் அதிக இன்ஜின்களைக் கெடுத்திருக்கிறது. பட்டறை அளந்தது பழைய மெயின் போல்ட்டுகளோடு. வீட்டுக்கு வந்ததும் அவற்றைக் கழற்றிவிட்டு இன்னும் வலுவான ஸ்டட்டுகளைப் போடுகிறார்கள். இறுக்கும் விசை கூடியதும் மெயின் போரின் வட்டம் நெளிகிறது. மறுபடி லைன் ஹோனிங் செய்யாவிட்டால், பட்டறைச் சீட்டில் எழுதிய அளவு வேறு, இன்ஜினுக்குள் இருக்கும் அளவு வேறு. சிலிண்டருக்கும் இதே கதிதான்: ஹெட்டை இறுக்கும்போது வளையும் போரை, ஹெட்டின் இறுக்கத்தைப் போலவே அழுத்தும் டார்க் பிளேட் மாட்டாமல் ஹோன் செய்தால் வட்டம் எப்படி நிற்கும்?

பிஸ்டனும் அப்படியே. 2618 அலுமினியக் கலவை தாங்குதிறன் மிக்கது. ஆனால் 4032-ஐவிடச் சிலிக்கான் மிகக் குறைவு, சூட்டில் கூடுதலாக விரியும். அதற்குச் சுவரோடு அதிக இடைவெளி விட வேண்டும். பழைய அளவிலேயே இறக்கினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். டர்போ அழுத்தத்தைக் கூட்டும்போது மேல் ரிங்கின் முனை இடைவெளியும் கூட வேண்டும். சூட்டில் முனைகள் முட்டிக்கொண்டால் ரிங் விரிய இடமில்லாமல் சிலிண்டரைக் கீறும், பிஸ்டனின் ரிங் வரப்பே உடையும். டார்க் ரெஞ்சும் முழு உண்மை சொல்வதில்லை. முறுக்கும் விசையில் பெரும்பகுதி உராய்வுக்குப் போய்விடுகிறது. அதனால்தான் கனெக்டிங் ராட் போல்ட் எவ்வளவு நீண்டது என்பதையே அளக்கச் சொல்கிறார்கள், அதைத் தயாரிப்பவர்கள். எத்தனை வீட்டு மேசைகளில் அந்த ஸ்ட்ரெச் கேஜ் இருக்கிறது?

இவற்றில் எதுவுமே குதிரைத்திறனை அளக்கும் டைனோ தாளில் தெரியாது. சில நொடி ஓட்டத்தில் தவறான பேரிங்கும் பெரிய எண்ணைத் தரும். அந்த எண்ணைக் கொண்டாடுவதுதான் இந்த மோகத்தின் மையக் கோளாறு. ஆர்.பி.26-க்குப் பெயர் கிடைத்தது அப்படியல்ல. 1991-இல் ஆஸ்திரேலியாவின் பாத்தர்ஸ்டில் ஜிம் ரிச்சர்ட்ஸும் மார்க் ஸ்கைஃபும் ஆர்32 ஓட்டி வென்றது 1,000 கிலோமீட்டர் பந்தயம். மலையேறி இறங்கும் பாதையில் மணிக்கணக்கில் சூடும் சுமையும் மாறாமல் தாங்கிய இன்ஜின் அது.

இன்று விற்பனைக்கு வரும் கார்களின் விவரங்களில் டர்போவின் பிராண்டு இருக்கிறது, பிஸ்டனின் பிராண்டு இருக்கிறது, குதிரைத்திறன் கொட்டை எழுத்தில் இருக்கிறது. ஏழு மெயின் ஜர்னல்களின் அளவு, ஆறு ராட்களின் போல்ட் நீட்சி, ரிங் இடைவெளி, அளந்தபோது அறையின் வெப்பநிலை ஆகியவற்றைக் கையால் எழுதிய ஒரு தாளை விற்பவரிடம் வாங்குபவர் கேட்க வேண்டும். அது இல்லையென்றால், இன்ஜினை முழுதாகப் பிரித்து மறுபடி கட்டும் செலவைக் கழித்துக்கொண்டுதான் விலை பேச வேண்டும்.