அம்மா வாயில் வரும் சேசு

எங்க அம்மா கால் இடறினால் ‘சேசுவே’ம்பா. வட்டிக்காரன் தெருமுனையில் தலை காட்டினால் ‘சேசு மரி சூசையே’. கஞ்சியில் கல் கடித்தால் அந்தோணியாருக்கு ஒரு வசவு விழும். களையெடுப்பில் பாதிக் கூலியைப் பிடித்துக்கொண்ட பண்ணைக்காரனுக்கு ‘சேசு பாத்துக்கிட்டுத்தான்டா இருக்காரு’ன்னு மண்ணை வாரித் தூற்றுவா. இதையெல்லாம் யாரும் விசுவாசம் என்று சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அதே வாய் இஸ்திரி போட்ட தமிழுக்கு மாறிக்கொள்ளும். அதுதான் விசுவாசமாம்.

எம்.ஏ. வகுப்பில் கிறித்தவத் தமிழ் என்றால் தேம்பாவணி, இரட்சணிய யாத்திரிகம், வேதநாயக சாஸ்திரியார். எல்லாவற்றிலும் பரீட்சை எழுதித் தேறினேன். சேரியின் சேசுவுக்குக் கேள்வித்தாளில் இடமில்லை. 1992இல் வெளியான பாமாவின் ‘கருக்கு’ ஒரு தோழர் கொடுத்துத்தான் என் கைக்கு வந்தது. பேச்சுத்தமிழில் எழுதியதற்காக அதைக் கொச்சை என்றவர்கள் உண்டு. அவர்களோடு நிறையச் சண்டை போட்டாயிற்று. என் சண்டை இப்போது நம்மவர்களோடு, என்னோடும்தான். படிப்பு வட்டத்தில் ‘கருக்கு’ என்றால் கன்னியர் மடத்தின் சாதியை விரித்துப் பேசுவோம். பூசைக்கு ஓடிய சிறுபிள்ளையை ‘மதப்பிடிப்பு’ என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவோம். அப்படி நான் பேசி முடித்த ஒரு நாள், டீ கொண்டுவந்த அக்கா கேட்டாங்க: ‘ஏந்தம்பி, அந்தப் புள்ள கோவிச்சிக்கிட்டது சாமிகிட்டயா, சாமியார்கிட்டயா?’ என்னிடம் பதிலில்லை.

வீட்டுக்கு வந்து முன்னுரையைத் திரும்பப் படித்தேன். விறகு பொறுக்கப் போன வயதில் உடம்பைக் கீறிய பனங்கருக்கு ஒரு பக்கம். கடவுளின் வார்த்தையை இருபுறமும் கூரான வாளோடு சேர்த்துப் பேசும் எபிரேயர் நிருபம் ஒரு பக்கம். இரண்டையும் பாமா பக்கத்துப் பக்கத்தில் வைக்கிறார். பிரசங்கியார் உவமை தேடிக் கண்டுபிடித்த மாதிரி இல்லை. விறகுக்கட்டோடு சேர்த்து வேதத்தையும் வீட்டுக்குச் சுமந்து வந்தவளின் பேச்சு அது. திருச்சபையின் சாதியை அறுக்கவும் அவர் எடுப்பது அந்த வாளைத்தான். இதை விட்டுவிட்டுப் படித்தால் பாதிப் புத்தகம் போச்சு.

ஆனால் மடத்து வாழ்க்கையைச் சொல்லும் இடங்களில் அந்த வாய் கொஞ்சம் இறுகிவிடுகிறது. ஏழை, பணக்காரர், சேவை என்று நியாயம் பேசும் வாக்கியங்கள் அடுக்கடுக்காக வருகின்றன. மடத்தை எதிர்க்கும்போதே மடத்துத் தொனி ஒட்டிக்கொள்கிறது. 1994இல் வந்த ‘சங்கதி’யில் இந்த இறுக்கம் இல்லை. அங்கே பெண்கள் சாமியையும் பேயையும் புருசனையும் ஒரே மூச்சில் பேசுகிறார்கள். வேதத்துக்கு மாறியதால் சர்க்கார் சலுகை போன கணக்கும் அந்தப் பேச்சிலேயே வந்துவிடும். எல்லோரும் ‘கருக்கை’த் தூக்கிப் பிடிக்கிறார்கள், எனக்கு ‘சங்கதி’தான் ஒரு படி மேல்.

அந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை. 1950இன் குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதி என்பதை இந்துக்களோடு நிறுத்தியது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறித்தவரானவர்களுக்குத் தமிழ்நாட்டில் பி.சி. சான்றிதழ்தான். கல்லறையில் எங்களுக்குத் தனி மூலை ஒதுக்குகிற சாதி, தாலுகா ஆபீசுக்கு வந்ததும் காணாமல் போய்விடுகிறது. அதனால்தான் நம்ம தெருப் பிள்ளைகளில் பலருக்குக் கோயில் ஏட்டில் ஒரு பேர், பள்ளிக்கூடத்தில் ஒரு பேர். அன்றாடப் பேச்சில் விசுவாசத்தை இயல்பாக வெளிப்படுத்துங்கள் என்று சாமியார் பிரசங்கம் வைக்கும்போது எனக்குச் சிரிப்பு வரும். அடக்கத்தானே சாமி நாங்க பாடுபடுறோம்!

பிளஸ் டூ முடித்த வருசம் சாதிச் சான்றிதழுக்காக அம்மாவோடு கிராம நிர்வாக அலுவலகம் போனேன். பஸ்ஸிலேயே பாடம் நடத்தினேன்: கழுத்து உத்தரியத்தைக் கழற்றி முந்தியில் முடிந்துகொள், எந்தச் சாமின்னு கேட்டால் மாரியாத்தான்னு சொல்லு. தலையாட்டிக்கொண்டே வந்தாள். அலுவலகப் படியில் கால் இடறியது. ‘சே’ வரைக்கும் வந்துவிட்டது. உள்ளே இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். மிச்சத்தை முழுங்கிக்கொண்டு, ‘சே, என்னா வெயிலு சார்’ என்றாள்.