எம்டன் சில்லு

'எம்டன்' என்ற பெயரைத் தமிழர்கள் ஒரு ஜெர்மானியப் போர்க்கப்பலிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். காரியத்தில் கெட்டிக்காரன் எம்டன். வீட்டை நடுங்க வைக்கிற தகப்பனாரும் எம்டன். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நூற்றுச் சொச்சம் குண்டுகளைப் போட்டுவிட்டுப் போனதற்கு அந்தக் கப்பல் பெற்ற சன்மானம் இது. பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகள் இரண்டு எரிந்தன. சிலர் செத்தார்கள். நவம்பர் 9-ஆம் தேதி கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பலான சிட்னி எம்டனை அடித்து நொறுக்கிவிட்டது. சரித்திரம் இவ்வளவுதான். கதை மட்டும் நிற்கவில்லை.

எங்கள் தருமபுரத்தில் ஒரு பெரியவர் இருந்தார். அவருடைய எம்டன், சென்னையோடு திரும்பாது. காரைக்கால் கரை வரை வந்து, பறக்கும் பிரெஞ்சுக் கொடியைக் கண்டு மரியாதையாக விலகிப் போகும். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அப்போது ஜெர்மனியின் முதல் எதிரிகளில் பிரான்சும் ஒன்று. அக்டோபர் 28-இல் பினாங்கு அருகே இதே எம்டன், மூஸ்கே என்ற பிரெஞ்சுக் கப்பலை மூழ்கடித்தது. பெரியவரை விட்டுவிடலாம், அவர் திண்ணையில் சொன்னார். அச்சில் எழுதுகிறவர்களை அப்படி விட முடியவில்லை. செண்பகராமன் பிள்ளை அந்தக் கப்பலிலேயே இருந்தார், சுடச் சொன்னதே அவர்தான் என்று எத்தனை கட்டுரைகள், எத்தனை கதைகள்! 1914-இல் அவர் ஸூரிச்சிலும் பெர்லினிலும் இந்திய விடுதலைக்காக உழைத்துக்கொண்டிருந்தார். எம்டனில் அவர் இருந்ததற்கு அக்காலத்து ஆதாரம் ஒன்றும் இல்லை. அந்த உழைப்பு போதாதென்று அவரைக் கப்பலில் ஏற்றுகிறவர்கள், பெருமை செய்வதாக நினைத்துக்கொண்டு அவருடைய உண்மையான வாழ்க்கையைத் தள்ளி வைக்கிறார்கள்.

ஐதிகம் கூடாது என்று நான் சொல்லவில்லை. சம்பந்தரின் பாட்டு யாழில் அடங்காமல் போக, யாழ்ப்பாணர் யாழையே உடைக்கப் போன ஊர் எங்கள் ஊர். சுவாமிக்கே யாழ்மூரிநாதர் என்று பெயர். அந்தக் கதையை யாரும் தேதி போட்டு ரிக்கார்டாக நீட்டுவதில்லை.

சென்னைப் பொருட்காட்சி சாலையில் எம்டன் குண்டின் சில்லு இருக்கிறது. எழுத்தாளன் போய்ப் பார்க்க வேண்டிய பொருள். இரும்புக்கு எதையும் கூட்டிச் சொல்லத் தெரியாது. எம்டனின் பீரங்கி பத்தரை சென்டிமீட்டர் வாய் கொண்டது; குண்டைச் சுற்றிய செப்பு வளையத்தில் பீரங்கிக் குழாயின் வரிகள் பதியும்; வளைவை அளந்தால் குண்டின் பருமன் தெரிந்துவிடும். துண்டைக் கொண்டு முழுசைச் சொல்வது ஒரு வித்தை.

அந்த வித்தையின் உச்சத்தை 1944-இல் போலந்துக்காரர்கள் காட்டினார்கள். ஜெர்மானியர் சோதித்துப் பார்த்த வி-2 ராக்கெட் ஒன்று மே மாதம் 20-ஆம் தேதி சார்னாகி கிராமத்துக்குப் பக்கத்தில், பூக் ஆற்றங்கரையில் வெடிக்காமல் விழுந்தது. தலைமறைவு இயக்கத்தார் அதை ஜெர்மானியர் கண்ணில் படாமல் ஒளித்து, பிறகு கழற்றினார்கள். மிஞ்சியிருந்த திரவத்தைச் சோதித்து, அது ஹைட்ரஜன் பெராக்ஸைடு என்று சொன்னவர் மார்செலி ஸ்ட்ருஷின்ஸ்கி. ஜூலை மாதக் கடைசியில் ஒரு டகோட்டா விமானம் இரவில் வயலில் இறங்கிப் பாகங்களை ஏற்றிக்கொண்டது. சக்கரம் சேற்றில் புதைந்து, கிளம்புவதற்குள் எல்லோருக்கும் உயிர் போய் உயிர் வந்தது. இதில் ஒரு வரி கற்பனை வேண்டியிருக்கிறதா?

வி-2-ஐ வைத்துப் பெரிய நாவல் எழுதியவர் அமெரிக்கரான தாமஸ் பிஞ்சன். 1973-இல் வந்த 'கிராவிட்டிஸ் ரெயின்போ'வில், 00000 என்ற எண் போட்ட ராக்கெட்டையும் அதன் ஒரு மர்மப் பாகத்தையும் தேடி ஆட்கள் அலைகிறார்கள். படிப்பது சுலபமல்ல, பல இடங்களில் நான் மூச்சு வாங்கினேன். கோமாளித்தனம் அளவு மீறிவிட்டது என்பதுதான் என் அபிப்பிராயம். ஆனால் ஓரிடம் இருக்கிறது. ராக்கெட்டுக்காகவே வாழ்ந்த பெக்லர் என்ற என்ஜினீயர், கடைசியில், தன் தொழிற்சாலையை ஒட்டியிருந்த டோரா முகாமுக்குள் காலெடுத்து வைக்கிறான். இத்தனை நாள் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருந்தது என்று அப்போதுதான் பார்க்கிறான். டோரா கற்பனை அல்ல. சுரங்கத்துக்குள் கைதிகளை வைத்து ராக்கெட் செய்த இடம். டோராவிலும் அதைச் சேர்ந்த முகாம்களிலும் மாண்டவர்கள் ஏறக்குறைய இருபதாயிரம் பேர். வி-2 விழுந்து செத்தவர்களைவிட அதைச் செய்து செத்தவர்களே அதிகம். அந்தச் சில பக்கங்களுக்காக மற்ற கோமாளித்தனத்தை எல்லாம் நான் பொறுத்துக்கொள்வேன்.

நம் எம்டன் கதைகளில் அந்தப் பக்கம்தான் இல்லை. தளபதி ஃபான் முல்லர் கனவான் என்று எழுதுகிறோம்; சரிதான், எதிரிகளே ஒப்புக்கொண்டார்கள். ஊரை விட்டு ஓடிய ஜனங்களை வேடிக்கையாக எழுதுகிறோம். எண்ணெய்த் தொட்டி எரிந்தபோது பக்கத்தில் நின்றவனையோ, விடிந்ததும் மணலில் குனிந்து சில்லைப் பொறுக்கியவனையோ எந்தக் கதையிலும் நான் சந்திக்கவில்லை.