படம் முடியும்போது அவர் யார்?

தென்காசிக்குப் பக்கத்து ஆய்க்குடியில் சக்கர நாற்காலி அன்றாடப் பொருள். 1975இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது கீழே விழுந்து, தண்டுவடம் அடிபட்டு, கழுத்துக்குக் கீழே அசைவிழந்தவர் எஸ். ராமகிருஷ்ணன். 1981இல் சொந்த ஊரான இங்கே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். 2020இல் பத்மஸ்ரீ பெற்றார். உடற்குறை உள்ளவர்கள் படிப்பதும் தொழில் பழகுவதும் சண்டை போடுவதும் சிரிப்பதும் இவ்வூருக்குப் புதிதல்ல. இங்கிருந்து தமிழ் சினிமாவைப் பார்க்கும்போது எனக்கு ஒரே அளவுகோல்தான் வேண்டியிருக்கிறது: குறையோடு திரைக்கு வந்தவர், படம் முடியும்போது யாராக இருக்கிறார்?

‘பாகப்பிரிவினை’யில் (1959) சிவாஜி வழங்காத கையையும் காலையும் மறக்காமல் சுமக்கிறார். அந்த உழைப்புக்குத் தலைவணங்கலாம். ஆனால் இயக்குநர் பீம்சிங் நாயகன் கண்ணையனுக்குத் தரும் பரிசு, கைகால் சரியாவது. அதே உடலோடு அவன் வாழ்ந்து காட்டினால் சுபம் ஆகாதா? அந்த நம்பிக்கை கதைக்கு இல்லை.

பதினெட்டு ஆண்டுகள் கழித்து வந்த ‘16 வயதினிலே’ இதற்கு நேர்மாறு. ஊரே சப்பாணி என்று கூப்பிடுகிறவனுக்குக் கோபாலகிருஷ்ணன் என்று ஒரு பெயர் இருப்பதை நாயகி மயிலு நினைவுபடுத்துகிறாள். இனி எவனாவது சப்பாணி என்றால் அறைந்துவிடு என்கிறாள். அவனும் கை ஓங்குகிறான். தமிழ்த் திரையில் உடற்குறை உள்ள ஒருவர் தன் மரியாதையைத் தானே கேட்டு வாங்கும் காட்சிகளில் இதற்கு இணையாக எனக்கு வேறொன்று தோன்றவில்லை. பாரதிராஜா அவன் காலைச் சரிசெய்யவில்லை. அவன்மீது ஊர் வைத்திருந்த பார்வையைச் சரிசெய்தார். கொலைகாரனாகச் சிறைக்குப் போகிறான், அவனுக்காக ஒருத்தி காத்திருக்கிறாள். கோபமும் காதலும் குற்றமும் உள்ள முழு மனிதனாக அவன் படத்தை விட்டுப் போகிறான்.

‘ராஜ பார்வை’ (1981) அதைவிட ஒரு படி மேல். சிங்கீதம் சீனிவாச ராவ் இயக்கிய, கமலின் நூறாவது படம். பார்வையற்ற ரகு வயலின் வாசித்துச் சம்பாதிக்கிறான், காதலிக்கிறான், காதலியோடு ஓடிப்போகிறான். பார்வை திரும்பவில்லை, திரும்ப வேண்டும் என்று படம் ஏங்கவும் இல்லை.

‘சின்னத்தம்பி’ (1991) மாலைக்கண் நோயைக் கவுண்டமணியின் நகைச்சுவைக்குத் தீனியாக்கியது. 2024 ஜூலை 8 அன்று ‘ஆங்க் மிச்சோலி’ என்ற இந்திப் படம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம், குறையைப் புரியவைக்கும் நகைச்சுவையையும் குறையுள்ளவரை இழிவுபடுத்தும் நகைச்சுவையையும் பிரித்துக் காட்டியது. நம் நகைச்சுவைக் காட்சிகளில் பெரும்பகுதி இரண்டாவது பக்கம்தான் விழும்.

‘நான் கடவுள்’ (2009) என்னைக் கலங்கடித்த படம், கோபப்படுத்திய படமும். பிச்சையெடுக்க வைக்கப்படுகிறவர்களின் உலகை இவ்வளவு அருகில் வேறு யார் காட்டினார்கள்? உடற்குறை உள்ளவர்களையே பாலா நடிக்கவைத்தார். ஆனால் அவர்கள் கூட்டமாகவே நின்றார்கள். பார்வையற்ற அம்சவல்லியாக நடித்தவர் பூஜா. அவளுக்குக் கிடைக்கும் விடுதலையோ நாயகன் ருத்ரன் கையால் மரணம். சாவை முக்தி என்று சொல்லும் இடத்தில் நான் அந்தப் படத்தைவிட்டு விலகிவிடுகிறேன். உடற்குறை உள்ளவரைக் கூட்டத்தில் மட்டும் நிறுத்த வேண்டியதில்லை: ராணுவப் பயிற்சி விபத்தில் இரு கைகளையும் இழந்த ஹரால்ட் ரஸ்ஸலை ஹாலிவுட் இயக்குநர் வில்லியம் வைலர் 1946லேயே முக்கியப் பாத்திரம் ஏற்கவைத்தார். அந்த ஒரே வேடத்துக்கு ரஸ்ஸல் இரண்டு ஆஸ்கர் வாங்கினார்.

‘தெய்வத்திருமகள்’ விக்ரமின் திறமைக்கான மேடை, அவ்வளவே. ‘குக்கூ’வில் பார்வையற்ற காதலர்களின் கிண்டல் பேச்சு மனதில் நிற்கிறது.

ராதாமோகனின் ‘மொழி’யில் (2007) கேட்கவும் பேசவும் இயலாத அர்ச்சனாவைக் கார்த்திக் முதலில் பார்க்கும்போதே, மனைவியை அடிக்கும் ஒருவனை அவள் அறைந்துகொண்டிருக்கிறாள். அவளுக்காகக் கார்த்திக்தான் சைகை மொழி கற்கிறான். மாற வேண்டியவர் யார் என்பதை இவ்வளவு இலகுவாகச் சொன்ன வணிகப் படம் அரிது.

2019இல் திரைக்கு வந்த ராமின் ‘பேரன்பு’, மூளை முடக்குவாதம் உள்ள மகள் பருவமடையும்போது அவள் உடலுக்கும் விழைவு உண்டு என்று சொல்லத் துணிந்தது. அந்தத் துணிவுக்காகவே அதை இங்கே சொன்ன படங்களின் உச்சியில் வைக்கிறேன். ஆனாலும் அது அப்பாவின் படம். மம்மூட்டியின் முகத்தில்தான் நாம் எல்லாவற்றையும் படிக்கிறோம். சாதனா அற்புதமாக நடித்தும் பாப்பாவின் மனம் நமக்குப் பாதிதான் திறக்கிறது. அவள் அப்பாவைப் பற்றி என்ன நினைக்கிறாள் என்று சொல்ல ராம் இன்னொரு படம் எடுத்தால், முதல் நாளே போய்ப் பார்ப்பேன்.