சூடு இறங்கும் வழி

கம்ப்யூட்டரின் பக்கவாட்டுக் கதவைக் கழற்றிவிட்டால், பார்ப்பவர் கண் முதலில் ப்ராசஸர் மேல் நிற்கும் கூலருக்குப் போகும். அடுத்து கிராபிக்ஸ் கார்டுக்கு. என் கண் அந்தக் கார்டுக்குக் கீழே, மதர்போர்டோடு படிந்து கிடக்கும் ஒரு சிறு உலோகத் துண்டைத் தேடும். அதன் அடியில் இருப்பது சிப்செட். ஹார்டு டிஸ்க், யுஎஸ்பி, நெட்வொர்க் என்று நாலா பக்கமிருந்தும் வரும் தகவலை வாங்கி ப்ராசஸரிடம் சேர்ப்பது அதுதான். ஓயாத வேலை, ஆகவே ஓயாத சூடு. அந்தச் சூட்டைச் சத்தமில்லாமல் இறக்கிவைக்கும் உலோகத் துண்டை நான் இருபது வருடமாக ரசித்து வருகிறேன்.

ரசனை தொடங்கியது ஒரு தொல்லையில். 2005ல் என் மேஜையில் இருந்தது என்விடியாவின் என்ஃபோர்ஸ் 4 சிப்செட் கொண்ட ஒரு போர்டு. அதற்கு முன்பெல்லாம் சிப்செட்டின் வேலையை நார்த் பிரிட்ஜ், சவுத் பிரிட்ஜ் என்று இரண்டு சிப்புகள் பங்குபோட்டுக்கொள்ளும். 2003ல் ஏஎம்டி தன் அத்லான் 64ல் மெமரி கன்ட்ரோலரை ப்ராசஸருக்குள்ளேயே வைத்துவிட்டது. மிச்ச வேலை முழுவதையும் என்ஃபோர்ஸ் 4ல் ஒற்றைச் சிப்பு சுமந்தது, நன்றாகவே சூடானது. போர்டு செய்தவர்கள் அதன் மேல் நான்கு சென்டிமீட்டர் அகல ஃபேன் ஒன்றை உட்கார வைத்திருந்தார்கள். அவ்வளவு சிறிய இறக்கை உருப்படியாகக் காற்றைத் தள்ள வேண்டுமானால் நிமிடத்துக்கு ஐயாயிரம் சுற்றுக்கு மேல் ஓட வேண்டும். ஓடியது. எட்டே மாதத்தில் உள்ளே எண்ணெய் வற்றி, காதோரம் வண்டு ரீங்கரிப்பதுபோல இரவெல்லாம் ஒலித்தது.

ரிச்சி தெருவில் இரண்டு சனிக்கிழமை அலைந்து, ஒரு மாடிக் கடையில் ஸால்மன் நிறுவனத்தின் நீல நிற ஹீட்சிங்க் ஒன்றைக் கண்டுபிடித்தேன். ஃபேன் கிடையாது. அலுமினியத்தில் உயர்ந்து நின்ற துடுப்புகள் மட்டும். வீட்டுக்கு வந்து பொருத்தினால் கிராபிக்ஸ் கார்டு இடித்தது. என் போர்டில் சிப்செட் இருந்தது சரியாகக் கார்டின் வயிற்றுக்கு அடியில். ஒரு ஓரத்துத் துடுப்புகளை ரம்பத்தால் அறுத்து, அரத்தால் ராவி, பர்ரெல்லாம் தட்டிவிட்டு மாட்டினேன். அன்றிரவு அறையில் கேட்டது சீலிங் ஃபேன் மட்டுமே.

அந்த ஆண்டே ஆசுஸ் வெளியிட்ட ஏ8என்-எஸ்எல்ஐ பிரீமியம் போர்டைப் பார்த்தபோதுதான் இது ஒரு கலை என்று எனக்குப் புரிந்தது. அதே என்ஃபோர்ஸ் 4 சிப்செட். அதன் தலையில் ஃபேன் இல்லை, ஒரு செப்புக் குழாய் கிளம்பிப் போகிறது. உள்ளே கொஞ்சம் திரவம். சிப்பின் சூட்டில் ஆவியாகி மறுமுனைக்கு ஓடும், அங்கே குளிர்ந்து மறுபடி திரவமாகும், குழாயின் உட்சுவரில் இருக்கும் திரிபோன்ற படலம் அதை உறிஞ்சித் திரும்பக் கொண்டுவரும். இந்தக் குழாயின் மறுமுனையை அவர்கள் ப்ராசஸருக்குப் பக்கத்தில், ஒரு துடுப்புக் கட்டில் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தார்கள். ப்ராசஸர் ஃபேனின் காற்று எப்படியும் அந்தப் பக்கம் வீசுகிறது, அதிலேயே சிப்செட்டின் சூடும் போய்விடும். புதுக் காற்றை உண்டாக்காமல், இருக்கும் காற்றடிக்குச் சூட்டைக் கூட்டிப்போன அந்த யோசனைக்கு நிகராக இன்றுவரை நான் ஒன்றைப் பார்க்கவில்லை.

நல்ல ஹீட்சிங்கைப் பார்த்தவுடன் அடையாளம் காணலாம். துடுப்புகளுக்கு நடுவே இடைவெளி தாராளமாக இருக்கும். ஃபேன் வைத்த ஹீட்சிங்கில் நெருக்கி அடுக்கலாம், காற்றைத் தள்ள ஆள் இருக்கிறது. ஃபேன் இல்லாததில் சூடான காற்று தானாகவே மேலே எழ வேண்டும். சில மில்லிமீட்டர் இடம் விடாவிட்டால் ஒரு துடுப்பை ஒட்டிய வெதுவெதுப்பு அடுத்ததன் வெதுவெதுப்போடு முட்டி, நடுவில் காற்று தேங்கிவிடும். நிற்கும் கேபினெட்டில் போர்டும் நிற்கிறது, ஆகவே பள்ளங்கள் மேலும் கீழுமாக ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் பாதி உழைப்பு வீண். ஸால்மனின் அந்த நீலமும் வெறும் அலங்காரமில்லை. பளபளவென்று விட்ட அலுமினியம் வெப்பத்தைக் கதிராக வெளிவிடுவதில் மகா கஞ்சன். அனோடைஸ் செய்த மேற்பரப்போ அந்த வேலையைப் பல மடங்கு நன்றாகச் செய்யும். நீலமா கறுப்பா என்பது நம் கண்ணின் விஷயம், அந்தப் படலம்தான் முக்கியம்.

அப்புறம், உலோகமும் சிப்பும் தொடும் இடம். இரண்டும் வழவழப்பாகத் தெரிந்தாலும் நுணுகிப் பார்த்தால் மேடும் பள்ளமும்தான். பள்ளத்தில் காற்று உட்கார்ந்திருக்கும். அலுமினியத்தோடு ஒப்பிட்டால் காற்று பல ஆயிரம் மடங்கு மட்டமான வெப்பக்கடத்தி. அந்தக் காற்றை விரட்டத்தான் பேஸ்ட். பேஸ்டும் உலோகத்துக்குச் சமமில்லை என்பதால் தாராளமாகப் பூசுவது தவறு. மிளகளவு போதும், அழுத்தத்தில் தானே பரவும். சிப்செட்டுக்குப் பெரும்பாலும் மேல்மூடி இருக்காது, சிலிக்கான் திறந்தே கிடக்கும். ஹீட்சிங்கைச் சாய்த்து வைத்தால் ஓரம் உடைந்துவிடும். இரண்டு கையாலும் நேராக இறக்கி, இரு பக்கத்து ஸ்க்ரூவையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குவது, தபேலாவுக்குச் சுதி சேர்ப்பது மாதிரி ஒரு கைப்பழக்கம்.

பிறகு வந்த ஆண்டுகளில் ப்ராசஸர்கள் மேலும் மேலும் வேலையைத் தங்களிடமே எடுத்துக்கொள்ள, சிப்செட் குளிர்ந்தது. ஒரு தட்டையான தகடே போதும் என்றானது. 2019ல் ஏஎம்டியின் எக்ஸ்570 வந்து அதை மாற்றியது. பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0, முந்தையதைவிட இரட்டிப்பு வேகம், சுமார் 11 வாட் சூடு. குட்டி ஃபேன்கள் திரும்பிவந்தன. அந்தக் கூட்டத்தில் ஃபேன் இல்லாமல் நின்றது கிகாபைட்டின் ஆரஸ் எக்ஸ்ட்ரீம், விலையோ எட்டாத உயரத்தில். இரண்டு வருடம் கழித்து, 2021ல், எக்ஸ்570எஸ் என்ற பெயரில் போர்டுகள் வரிசையாக ஃபேனைக் கழற்றின. சிப்பில் சொல்லிக்கொள்ளும்படி மாற்றம் எதுவுமில்லை. உலோகத்தை அகலமாக்கினார்கள், கனமாக்கினார்கள், அவ்வளவுதான். என்னிடம் இருந்த பி350 போர்டை மாற்ற நான் காத்திருந்தது அதற்காகத்தான்.

வாங்கும்போது படங்களைப் பெரிதாக்கி, ஹீட்சிங்கை மட்டும் பார்த்தேன். இன்று பல போர்டுகளில் சிப்செட் மேல் இருப்பது பாதி உலோகம், பாதி பிளாஸ்டிக் முகமூடி. எழுத்தும் விளக்கும் இருக்கும், காற்று நுழையப் பள்ளம் இருக்காது. எனக்கு அது பிடிப்பதில்லை. மேலிருந்து கீழாகப் பள்ளம் வெட்டிய ஒன்றைத் தேர்ந்தேன்.

மாற்றும் வேலையில் பதற்றமான நிமிடம் ஒன்றே ஒன்று. ஏஎம்4 சாக்கெட்டில் உட்காரும் ப்ராசஸருக்கு அடியில் 1331 ஊசிகள். பழைய பேஸ்ட் இறுகிப்போயிருந்தால் கூலரை இழுக்கும்போது ப்ராசஸரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும், ஊசி வளையும். அதனால் கழற்றும் முன் அரைமணி நேரம் கம்ப்யூட்டரை நன்றாக ஓடவிட்டேன், பேஸ்ட் இளகட்டும் என்று. பிறகு அணைத்து, ப்ளக்கைப் பிடுங்கி, கூலரை மேலே இழுக்காமல் இடவலமாக மெல்லத் திருகினேன். ஒரு சின்ன 'ப்ளக்' சத்தத்தோடு பிடி விட்டது. மற்றதெல்லாம் நிதானம்தான்: போர்டைத் தாங்கும் பித்தளைக் குமிழ்கள் அதன் ஓட்டைக்கு நேராக இருக்கின்றனவா, வேண்டாத இடத்தில் ஒன்று மிஞ்சி நின்று போர்டின் முதுகைத் தொடுகிறதா, எஸ்எம்பிஎஸ்ஸின் 24 ஊசிக் கேபிள் கொக்கி விழும் வரை இறங்கியதா.

மாட்டியது மே மாதம். எந்த ஹீட்சிங்கும் சிப்பை அறையின் சூட்டுக்குக் கீழே இறக்காது. 22 டிகிரி அறையில் சோதித்துச் சொல்லும் கணக்கோடு, நம் 34 டிகிரி மத்தியானத்தின் 12 டிகிரியையும் கூட்டிக்கொள்ள வேண்டும். அந்த மத்தியானத்தில் இரண்டு எஸ்எஸ்டிகளுக்கு நடுவே பழைய படங்கள் அத்தனையையும் நகலெடுக்க விட்டுவிட்டு, கதவைத் திறந்து, துடுப்பின் மேல் விரலை வைத்தேன். ஐந்து எண்ணும்வரை தாங்கியது. பள்ளங்களுக்கு மேலே உள்ளங்கையைக் கவிழ்த்துப் பிடித்தபோது, டபராவிலிருந்து எழுகிற மாதிரி ஒரு வெதுவெதுப்பு மெதுவாக மேலே ஏறிக்கொண்டிருந்தது.