விவிலியத்தில் யானை: தந்தமும் உழைப்பும்

விவிலியத்தின் எபிரேய நூல்களில் யானை நடமாடுவதில்லை. அதன் தந்தமே வருகிறது. சாலமோனின் தர்சீசுக் கப்பல்கள் மூன்றாண்டுக்கொருமுறை பொன், வெள்ளி, தந்தம், குரங்கு, ‘துக்கி’ ஆகியவற்றைக் கொணர்ந்ததாக முதலாம் அரசர் நூல் கூறும். துக்கி தமிழ்த் ‘தோகை’யே என்றார் கால்டுவெல் (1856). தர்சீசு நமது காலித் துறைமுகமே என வாதிட்டார் சேர் எமேர்சன் ரெனன்ற் (1859). துக்கி மயில்தானா என்பதே அறிஞரிடையே முடிவுபெறாத நிலையிலும், இக்கருத்துகள் நம்மவர் பலருக்குப் பழம்பெருமையின் சான்றுகளாயின. இலங்கை யானைகளுள் தந்தமுடையவை மிக அரியன என்பதை ரெனன்றே எழுதியுள்ளமை ஈண்டு நோக்கற்பாலது.

சொல்லாராய்ச்சியை நாம் புறக்கணிக்கவில்லை. பண்டைய வணிகத்துக்குச் சொற்களும் சான்றாகும். எனினும், தந்தம் யாருடைய உழைப்பால் யாரைச் சென்றடைந்தது என்ற வினா எழாதவிடத்து மொழியாராய்ச்சி பண்டத்தின் புகழ்ச்சியாகச் சுருங்கிவிடுகின்றது. அவ்வினாவுக்கு விவிலியமே இடந்தருகிறது. சாலமோனின் தந்த அரியணையைப் போற்றும் அதே நூல், அவன் 30,000 பேரைக் கட்டாய வேலைக்குத் திரட்டியதையும் பதிவுசெய்கிறது. கி.மு. எட்டாம் நூற்றாண்டில், மந்தை மேய்த்த ஆமோஸ் தந்தக் கட்டில்களிற் சாய்ந்திருந்தோரைச் சாடினார். ஏழைகளை மிதித்தோரையும் அதே குரலிற் சாடினார். அரசவையில் மாட்சியாக விளங்கிய பொருள், உழைப்பாளியின் பார்வையிற் குற்றச்சான்றாக மாறுகிறது.

யானை உயிருடன் தோன்றுமிடத்து அது படைக்கருவியாகும். மக்கபேயர் முதல் நூலில் அது செலூக்கியப் படையுடன் வருகிறது. கல்முனைக் கரையோரச் சிறுவரும் மனனஞ்செய்யும் திருக்குர்ஆனின் 105ஆம் அத்தியாயம் யானைப் படையினரின் அழிவைக் கூறுகிறது. இருநூல்களிலும் அது அதிகாரத்தின் உருவமே.

இக்கரையோர உழவனுக்கோ யானை பண்டமுமன்று, படையுமன்று. சம்மாந்துறை, நிந்தவூர் வட்டைகளில் விளைந்த நெல்லை ஓரிரவில் மிதித்தழிக்கும் மெய்ம்மை அது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டமும் அதன்பின் காடு சுருங்கியமையும் யானையின் வழியையும் உழவனின் வயலையும் மோதவைத்தன. இம்மோதலை இயற்கையின் சீற்றமெனக் கொள்வது பிழை. நிலப் பயன்பாடு பற்றிய தீர்மானங்களை எடுத்தவர் ஒருசாரார், இழப்பைச் சுமப்பவர் வேறொருசாரார்.

ஆகவே, தோகை சாலமோனின் அவைக்குச் சென்றதா என ஆராய்வோர், பரணில் இராக்காவலிருப்பவனின் வாய்மொழியையும் ஆய்வுப் பொருளாகக் கொள்ளுதல் வேண்டும். ஏட்டில் தந்தமாக மட்டும் எஞ்சிய விலங்கு, அவன் பேச்சில்தான் முழு உருவுடன் நிற்கிறது.