பூஜ்ஜியத்துக்கு இரண்டு அர்த்தம்

'ஓப்பன்' பொத்தானை அழுத்துகிறோம். ஃபைலைத் தேர்ந்தெடுக்கும் பெட்டி வரவில்லை, பிழைச் செய்தியும் இல்லை. ஆள் 'கேன்சல்' செய்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டு புரோகிராம் அடுத்த வேலைக்குப் போய்விடுகிறது. ஜிக், ரஸ்ட் போன்ற கம்பைல் செய்யும் மொழிகளிலிருந்து விண்டோஸின் பழைய கெட்ஓப்பன்ஃபைல்நேம் ஃபங்ஷனை நேரடியாக அழைத்தால் இப்படி நடக்க இடமுண்டு.

குறை அந்த ஃபங்ஷனின் வடிவமைப்பிலேயே இருக்கிறது. கேன்சல் செய்தாலும் பூஜ்ஜியம், நாம் கொடுத்த ஸ்ட்ரக்சர் தப்பென்றாலும் பூஜ்ஜியம். எது நடந்தது என்று காம்டிஎல்ஜிஎக்ஸ்டெண்டட்எரர் என்ற ஃபங்ஷனைத் தனியாகக் கேட்க வேண்டும். அதுவும் பூஜ்ஜியம் தந்தால் கேன்சல். 1 தந்தால் ஸ்ட்ரக்சரின் அளவு தப்பு. 12290 தந்தால் ஃபைல் பெயர் செல்லாது. கேட்க மறப்பது எளிது என்பதாலேயே இதை நான் பெருங்குறை என்கிறேன்.

ஸ்ட்ரக்சர் 64 பிட்டில் 152 பைட், 32 பிட்டில் 88. அதன் அளவை முதல் ஃபீல்டிலேயே எழுதுவதால் அந்தத் தப்பு சீக்கிரம் பிடிபடும். பஃபர் அப்படியல்ல. பெயரை வாங்கிக்கொள்ளும் பஃபரில் ஏற்கெனவே இருப்பதை விண்டோஸ் தொடக்கப் பெயராகப் படிக்கும். ஆகவே முதல் எழுத்து பூஜ்ஜியமாக இருக்க வேண்டும். ஜிக்கில் மதிப்பு தராமல் விட்ட பஃபரை டீபக் பில்ட் பைட்டுக்குப் பைட் 170 போட்டு நிரப்பும். ரிலீஸ்ஃபாஸ்ட் பில்ட் நிரப்பாது; அங்கே தற்செயலாகப் பூஜ்ஜியம் கிடந்தால் பெட்டி திறந்துவிடும். அதை நம்பி கோட் சரி என்று முடிவு கட்டக் கூடாது. நீளத்தையும் எழுத்துக் கணக்கில் சொல்ல வேண்டும்: 520 பைட் பஃபருக்கு 260. அங்கே 520 என்று எழுதினால், நீளமான பாதை பக்கத்து மெமரியில் போய் விழும்.

விண்டோஸ் விஸ்டாவோடு வந்த புதிய இன்டர்ஃபேஸான ஐஃபைல்ஓப்பன்டயலாக், பூஜ்ஜியத்துக்கு இரண்டு அர்த்தம் என்ற முதற்குறையைத் தீர்க்கிறது. கேன்சலுக்கு 1223 என்ற எண்ணைத் தாங்கிய எச்ரிசல்ட் வரும். மற்றத் தவறுகளுக்கு வேறு எண்கள். ஆனால் அது காம் முறையில் இயங்குவது. அதன் ஃபங்ஷன் பட்டியலான விடேபிளில் பெட்டியைத் திறக்கும் 'ஷோ' நான்காவது இடத்தில் இருக்கிறது. கையால் எழுதும்போது ஓரிடம் பிசகினால் வேறு ஃபங்ஷன் ஓடும், கம்பைலர் எச்சரிக்காது.

என் தீர்ப்பு: விண்டோஸ் மெட்டாடேட்டாவிலிருந்து தானாக உருவான பைண்டிங் இருந்தால் (ரஸ்டுக்கு உண்டு) புதியதையே எடுக்க வேண்டும். கையால் எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் பழையதே மேல். ஸ்ட்ரக்சரையும் பஃபரையும் பூஜ்ஜியத்தால் நிரப்பி, பூஜ்ஜியம் திரும்பியதும் அடுத்த வரியிலேயே பிழை எண்ணைக் கேட்க வேண்டும்.